புரட்சி படித்த ஞாயிற்றுக்கிழமை

பிரெஞ்சுப் புரட்சி எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால் பாரிஸ் என்று சரியாகச் சொல்லிவிடுவேன். ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது எங்கள் மதுரை வண்டியூர் தெப்பக்குளம்தான். அந்தக் காலத்தில் அதில் தண்ணீர் கிடையாது, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். நடு மண்டபத்தில் ராஜாவையும் ராணியையும் குடிவைத்தது நான். அவர்களைப் பிடிக்க வந்த பெண்களை அந்தக் கட்டாந்தரை வழியாக நடத்திக் கூட்டிவந்தது சித்தி.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு டீச்சரே என் பெயரை எழுதிவிட்டு, பிரெஞ்சுப் புரட்சி என்று தலைப்பையும் கொடுத்துவிட்டார். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் இருந்தது. நல்லவேளையாக ஆனையூரில் எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவும் உள்ளே பலகைத் தடுப்புகளுமாக இருந்த அந்த இடத்துக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டதால், சித்தி துணைக்கு வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. பி.ஏ. இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்தித் திருவாதவூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் கைநீட்டுகிறான் என்று பங்குனியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகமாட்டேன் என்றாள். எந்த வீட்டில்தான் சண்டையில்லை, போய்த்தான் ஆகவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. அப்பா அதைப் பேசும்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாக விழும், அவ்வளவுதான்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருப்பதைக் கடைக்கார அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். சித்தி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். நீல எழுத்தில் இருக்கிற சொல்லை மவுஸால் தொட்டால் வேறொரு பக்கம் திறந்தது. ராஜாவில் தொடங்கி ராணிக்குப் போவோம், ராணியிலிருந்து அவள் ஊர்ப் பெண்கள் போட்ட கொண்டைக்குப் போவோம், கொண்டை மேல் அலங்காரத்துக்கு வைத்த கப்பல் பொம்மையில் ஏறி எந்தக் கடலுக்கோ போய்விடுவோம். ஏ.சி.யின் குளிரும் மானிட்டர் வெளிச்சமும் சித்தியின் தாழ்ந்த குரலுமாக, பாதி முழிப்பில் மிதந்துகொண்டிருப்பேன். அவ்வளவு சுகமாக நான் எதையும் படித்ததில்லை.

"மழையில நனஞ்சுக்கிட்டே நடக்குறாளுக. மீன் விக்கிறவ, காய் விக்கிறவ எல்லாரும். பீரங்கிய வேற இழுத்துக்கிட்டுப் போறாளுக பாரு."

"எதுக்குச் சித்தி?"

"வீட்டுல ரொட்டி இல்லைன்னு. அம்புட்டுத்தான். ராஜாவையே கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டாளுக."

அந்த இடத்தில் மட்டும் சித்தி எந்த நீல எழுத்தையும் தொடமாட்டாள். மேலே போய் மறுபடியும் வாசிப்பாள். ராஜா தலை போகிற கட்டத்துக்கு வந்தால்தானே போட்டியில் கைதட்டு வாங்கலாம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆடி பிறந்துவிட்டால், கல்யாணமாகி வருடம் திரும்பாத பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதனால் அன்றைக்கே வந்து அழைத்துப் போகும்படி அப்பா திருவாதவூருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். விளக்கு வைப்பதற்குள் கிளம்பியாக வேண்டும். விளக்கு வைத்தபின் வீட்டுப் பெண்ணை அனுப்பினால் லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள் என்கிற பயம் இரண்டு வீட்டுக்கும் உண்டு.

சாப்பிட்டுக் கைகழுவியதும், "வா, ஒன் புரட்சிய இன்னைக்கு முடிச்சுருவோம்" என்று சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் என் அண்ணன் பிரவுசிங் சென்டருக்குச் சைக்கிளில் வந்து நின்றான்.

"சித்தி, திருவாதவூர்க்காரவுக வந்துட்டாக. அப்பா ஒடனே வரச் சொன்னாரு."

"நாளைக்கு இவளுக்குப் போட்டிடா. முடிச்சுட்டு வாரோம்னு சொல்லு."

போட்டி வெள்ளிக்கிழமை. சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் சித்தியின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. அண்ணன் இன்னொரு தடவை வந்தான், அதே பதிலோடு திரும்பினான். பெண்கள் மழையில் நடந்துகொண்டே இருந்தார்கள். அப்போதுதான் கரண்ட் போனது.

கடைக்கார அண்ணன் கதவைத் திறந்து வைத்தார். "இனி எப்ப வருமோ தெரியாதுக்கா, கெளம்புங்க."

சித்தி இருண்ட மானிட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தால் தெருவெல்லாம் இன்னும் நல்ல வெயில் வெளிச்சம். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று நடந்தாள். வந்தவர்கள் வாங்கிவந்த லட்டை அண்ணன் காலிசெய்துவிடுவான் என்ற பதற்றத்தில் நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டில் சித்தியின் மாமியார் பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியப்பா. சித்தியின் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தார்கள். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, வெயிலே இன்னும் போகல. அதுக்குள்ள வெளக்கு ஏத்திட்ட?" என்றேன் சத்தமாக.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வெயில் மஞ்சளாக வாசற்படியில் கிடந்தது.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நேரமாச்சு, ஏத்துனேன்."

மாமியார் வாயைத் திறக்குமுன், "என்னப்பா இது?" என்று பெரியப்பா அப்பாவைக் கேட்டார். அப்பா வாசல் வெயிலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு, போர்த்தியிருந்த முந்தானை விலகித் தெரிந்த சித்தியின் முழங்கைத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஆமா பெரியப்பா, நேரமாயிருச்சு" என்றார். "வெளக்கு வச்சாச்சு. இனிமே புள்ளய எப்பிடி அனுப்புறது? ஆடி கழியட்டும், பாப்போம்."

பூத்தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுந்து போனார்கள். ஆடி கழிவதற்குள் சித்தி ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு யாரும் அழைக்க வரவில்லை.

அன்றைக்கு எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போட்டி நாளைக்கு என்று சித்தி பொய் சொன்னாள். நேரமாச்சு என்று அம்மாவும் பொய் சொன்னாள். பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்கிற அப்பாவே, அவ்வளவு வெயிலை முன்னால் வைத்துக்கொண்டு ஆமாம் என்றார். அந்த வீட்டில் உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு, சித்தியின் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனேன்.