அழகுமலையின் இரண்டாம் கல்யாணம்

அழகுமலைக்குக் கருமாதி நடந்த அன்று ஊரில் எழுபது பேர் சாப்பிட்டார்கள். வடை கொஞ்சம் கருகிவிட்டதாகப் பின்னாளில் அவனுக்கே தகவல் வந்து சேர்ந்தது. ஒரு சமையல்காரனுடைய கருமாதியில் போய் வடையைக் கருக்குவார்களா என்று அவனுக்கு அது தீராத குறை. அன்றைக்கு அவன் கடலுக்கு அந்தப் பக்கம், நெடுந்தீவில், சந்தனமேரி என்ற அம்மாள் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான். அவள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

திருவரங்குளத்துக்குத் தெற்கே நாலு மைலில் அவன் ஊர். முந்திரித் தோப்பும், மழையை நம்பிய புஞ்சையும், ஒரு கண்மாயும்தான் ஊருக்குச் சொத்து. நாற்பத்தெட்டுக்குப் பிறகு மழை ஊரை மறந்துபோய்விட்டது. அழகுமலை கல்யாண வீடுகளில் அண்டா வைத்துச் சமைக்கிறவன். விளைச்சல் இல்லாத ஊரில் யார் கல்யாணம் வைப்பார்கள்? சும்மா உட்கார்ந்து பார்த்தான், முடியவில்லை. ஐம்பத்தொன்றில் கோட்டைப்பட்டினம் போய், கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற பாய்த்தோணி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டான். அவன் பெண்சாதி செங்கமலத்துக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம். பிள்ளை குட்டி இல்லை. "போறேன்" என்றான். "போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க" என்று திருத்தி அனுப்பினாள்.

கடலை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. வெடித்துக் கிடந்த கண்மாயையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் காட்டினால் என்ன ஆகும்? மயங்கிப்போனான். காற்று இறங்கிய நாட்களில் தோணி நகர்வதே தெரியாது. மணல் பரப்பிய மரப்பெட்டியில் அடுப்பு எரியும், உலை கொதிக்கும், இவன் ஓரமாகக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பான். பச்சைத் தண்ணீருக்கு அடியில் புல் பரப்பு ஏக்கர் கணக்கில் சாய்ந்து சாய்ந்து நிமிரும். யாரோ அங்கே நாற்று நட்டிருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றும். எத்தனையோ முறை சோறு குழைந்து தண்டலிடம் திட்டு வாங்கியிருக்கிறான். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். "அடியில யாருய்யா ஒனக்குச் சொந்தக்காரன் இருக்கான்?" என்பார் அவர். நல்ல மனிதர்.

ஐம்பத்திரண்டு கார்த்திகைப் புயலில் அந்தத் தோணி உடைந்தது. ஆறு பேரில் நாலு பேர் போனார்கள், அதில் தண்டலும் ஒருவர். ஒருவனை வேறொரு தோணி எடுத்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. அழகுமலைக்குக் கிடைத்தது ஒரு தண்ணீர்ப் பீப்பாய். அதைக் கட்டித் தழுவிக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் மறுநாள் உச்சிவரைக்கும் மிதந்தான். பயம் முதல் சில மணி நேரத்துக்குத்தான். அப்புறம் உடம்பு மரத்துப்போய், தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்பதும் போய், கனவு வந்துவிட்டது. கனவில் அவன் ஊருக்குத் திரும்பி வருகிறான். கிணற்றடியில் ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். அண்ணன் வந்து அழுகிறார். ஊரே கூடுகிறது. தன் வீட்டு வாசலில் கால் வைக்கப் போகும்போது ஓர் அலை மூஞ்சியில் அடித்து எழுப்பிவிடும். மறுபடி கண் சொருகும், மறுபடி முதலிலிருந்து வருவான். மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் செங்கமலத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

சந்தனமேரியின் தம்பி அவனைக் கரையில் கண்டெடுத்தார். காய்ச்சல் விட இரண்டு மாதம் ஆனது. கையில் ஒரு காகிதம் இல்லாமல் அக்கரையில் இருக்கிறவனை அந்தக் காலத்தில் கள்ளத்தோணி என்பார்கள். தோணி உடைந்த கதையைச் சொன்னால், எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு முகாமில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே இவனைப்போல் வந்து மாட்டிய ஒரு திருச்சிக்காரரைப் பிடித்து, மாசி மாதம், வீட்டுக்குக் கடுதாசி எழுதச் சொன்னான். "நான் நல்ல சுகம். நீயும் சுகமாய் இருக்கவும். வேலை அதிகம். சீக்கிரம் வருவேன்."

"புயலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதிடுவமா?" என்று கேட்டார் அவர்.

"வேணாங்க. அவ பயந்த சுபாவம்" என்றான் அழகுமலை.

திருச்சிக்காரர் தேதி போட மறந்தார். பெண்சாதி மேல் இவ்வளவு பிரியம் வைத்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் இப்படியொரு முட்டாள்தனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஏனென்றால் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. தோணி போன செய்தி வந்து, மார்கழி முழுக்கக் காத்திருந்து பார்த்து, தையில் வைக்கோலால் ஓர் ஆள் செய்து, அதற்கு அழகுமலையின் வேட்டியைக் கட்டி, அண்ணன் சிவசாமி கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் செங்கமலத்தின் தாலியை வாங்கினார்கள். பங்குனியில்தான் கடுதாசி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துக் காட்டினார். புயலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, தேதியும் இல்லை, தபால் முத்திரையும் மையாய் இழுகிக் கிடந்தது. உயிரோடு இருந்தபோது போட்ட கடுதாசி எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போது வந்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. வேறு எப்படி நினைப்பார்கள்? செங்கமலம் அதை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவை அழுததைவிட அதிகமாக அழுதாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் உச்சி வெயிலில் அழகுமலை வந்து சேர்ந்தான். முகாமில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்; அப்புறம் ரயில், பஸ், நடை. செம்மண் புழுதி பறந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் பிச்சையம்மாள் அவனைப் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கனவில் கண்டதும் இதுதானே என்று அழகுமலை அங்கேயே நின்றுவிட்டான். சிவசாமி வந்து பத்தடி தள்ளி நின்று முதலில் அவன் காலைப் பார்த்தார். பாதம் தரையில் பாவியிருந்தது. "நான்தாண்ணே" என்றான் இவன். அவர் அப்படியே புழுதியில் உட்கார்ந்து, "நான்தாண்டா ஒனக்குக் கொள்ளி வச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் அப்படியே நடந்தது. இனி அலை வந்து அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

அலை வரவில்லை. வீட்டுக்குப் போகவும் விடவில்லை. எரித்துக் காரியம் செய்த ஆள் எந்த முறையில் வீட்டுக்குள் வருவது? திருவரங்குளத்துக் குருக்களைக் கேட்டார்கள். அவன் மறுபடி பிறக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், அதே பெண்ணுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார். ஆடியில் தாலி கட்டக் கூடாது, ஆவணிக்குப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதுவரை அய்யனார் கோயில் கொட்டகைதான் அவனுக்கு இடம். மூன்றாம் நாள் தலையில் பால் ஊற்றி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, சிவசாமி அவன் காதில் "அழகுமலை" என்று மூன்று தடவை கூப்பிட்டார். "புள்ளை பொறக்கும்போதே மீசையோட பொறந்திருக்கு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான்.

சிரித்தானே தவிர, உள்ளுக்குள் நடுக்கம் நிற்கவில்லை. படுத்தால் தரை ஏறி இறங்கியது. புளியமரத்து நிழல் பச்சைத் தண்ணீராக அசைந்தது. நாம் இன்னும் பீப்பாயில்தான் இருக்கிறோம், இது நாலாம் கனவு என்று நினைத்தான். இல்லையென்றால் செங்கமலம் ஏன் வரவில்லை? அரை மைல் தூரத்தில் இருக்கிறாள். ஊரில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டார்கள். நாய்கூட வந்து பார்த்தது. அவள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வந்தால்தான் அவனுக்கு உயிர் உண்டு. இந்த ஒரு கணக்குதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆவணிக்கு முகூர்த்தம் குறிக்க ஆடியிலேயே சிவசாமி போனபோது செங்கமலம் சொன்னாளாம்: "கட்டிக்கிறேன்னு நான் இன்னும் சொல்லலையே. மொதத் தடவை என்னை யாரும் கேக்கலை. புதுசாக் கட்டுறதுன்னா வந்து கேக்கட்டும்." ஊரே வாயைப் பிளந்தது. இப்படியும் ஒருத்தி உண்டா என்று பேசினார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை.

அழகுமலை போனான். முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"செங்கமலம், நீதானா?"

"ஏன், எனக்கும் கருமாதி பண்ணிட்டாகளா?"

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தக் கடுதாசி எப்ப எழுதுனது?" என்று கேட்டாள்.

"மாசியில."

"அப்ப புயலுக்குப் பொறவு. தோணி ஒடஞ்சதை ஏன் எழுதலை?"

"நீ பயப்படுவேன்னுதான்…"

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "ஒரு வரி. தோணி ஒடஞ்சு போச்சு, நான் பொழச்சுக் கெடக்கேன். அவ்வளவுதான். அதை எழுதாம, செத்துப்போன ஒங்களைப் பங்குனியில மறுபடியும் சாகடிச்சீங்க. நான் பயப்படக் கூடாதுன்னு என்னைய நாலு மாசம் தாலி அறுத்தவளாவே ஒக்கார வச்சுட்டீங்க. எனக்கு நெஞ்சு ஆறலை. ஒங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலை."

அவன் வாழ்க்கையில் அப்படி யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. ஆனால் கேட்கக் கேட்க, கால்களுக்குக் கீழே தரை மெல்ல நின்றது. பீப்பாயில் கண்ட கனவில் எல்லோரும் அவனுக்காக அழுதார்கள், யாரும் திட்டவில்லை. இவள் திட்டுகிறாள். இது நிஜம்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

"இன்னமே கடலுக்குப் போவீங்களா?" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. அதுவும் அந்தக் கடுதாசி மாதிரித்தான் ஆகும் என்று அவனுக்குப் பட்டது. அதனால் உள்ளதைச் சொன்னான்: "போவேன் செங்கமலம். மழை பேஞ்சாக்கூடப் போவேன்னுதான் தோணுது. நாலு பேரு செத்த தண்ணி, தெரியும். ஆனாலும் கண்ணை மூடுனா அதுதான் தெரியுது. ஒங்கிட்ட மறைக்க மாட்டேன்."

அவள் சருகைக் கூடையில் அமுக்கினாள். "தூக்கி விடுங்க" என்றாள். தூக்கித் தலையில் வைத்தான். போய்விட்டாள். நடந்ததை அண்ணனிடம் சொன்னபோது, "போவேன்னா சொன்ன? அடப் பாவி" என்று சிவசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். ஆடியின் மிச்ச நாட்களை அழகுமலை எப்படிக் கழித்தான் என்பது அந்த அய்யனாருக்குத்தான் தெரியும்.

ஆவணி முகூர்த்தத்தன்று அய்யனார் கோயில் முன்னால் மணை போட்டு அவனை உட்கார வைத்தார்கள். பக்கத்து மணை காலியாக இருந்தது. கூட்டம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் செங்கமலம் மஞ்சள் சேலையில் வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனியவில்லை. "கட்டிக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "ஆனா இன்னமே யாரு வந்து என்ன சேதி சொன்னாலும் இதைக் கழட்ட மாட்டேன். நானா என் கண்ணால பாத்தாத்தான். யாரும் வைக்கோலைத் தூக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது."

சிவசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். அழகுமலை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டைப் போட நாத்தனார் முறையில் ஒருத்தி குனிந்தாள். "மூணையும் அவுகளே போடட்டும்" என்றாள் செங்கமலம். அவன் கயிற்றைக் கையில் எடுத்தான். சமையலுக்கு நடுவே ஒன்றரை வருஷம் பாய்க்கயிறும் இழுத்துக் கட்டிய கை அது. அதற்கு வந்த தோணி முடிச்சைத்தான் போட்டது.

அவன் கடலுக்குப் போனான், சொன்னபடியே. அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றப் பெண்கள் உட்கார்ந்தபோது அழகுமலை தோணியில் இருந்தான். அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. நனைய நனைய இறுகுகிற முடிச்சு. நகம் போனதுதான் மிச்சம். பிச்சையம்மாள் கத்தரிக்கோலை எடுத்தாள். செங்கமலம் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, "அது கெடக்கட்டும், புதுசை மேலயே கட்டுங்க" என்றாள். வருஷா வருஷம் அப்படியே நடந்தது.

அறுபத்தஞ்சில் அவன் ஏறிய தோணியை இனி ஓடாது என்று கரையேற்றிவிட்டார்கள். அழகுமலை துணிமூட்டையோடு ஊருக்கு வந்து, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சோறு போட உட்கார்ந்தவளைப் பார்த்தான். பன்னிரண்டு கயிறு கழுத்தில். அடியில் இருந்த முதல் கயிறு கறுத்துக் கட்டையாகி, தோலை அறுத்துத் தழும்பாக்கியிருந்தது.

"எனக்கு அவுக்கத் தெரியும். அவுத்துடட்டுமா?" என்றான்.

செங்கமலம் சோற்றைத் தட்டில் தள்ளினாள். "இப்பத்தான வந்திருக்கீங்க" என்றாள். "இன்னுங் கொஞ்ச நாளு போகட்டும், பாப்பம்."