மத்தியானத்து வோல்டேஜ்

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் மோட்டார் காயில் சுற்றுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. உலகத்தில் எது கெட்டாலும் காயிலில்தான் கோளாறு என்பார். எனக்குத் தலைவலி என்றால்கூட, கம்பி சுற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிற ஆள். கூட வேலை செய்கிறவர்கள் 'சுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இவருடைய தங்கைக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, முப்பத்தோரு வயதில் முதல் வேலை கிடைத்தது. ஒரு ஆபீசில் போனில் பதில் சொல்லும் வேலை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். அதுவரை அவளை எங்கே கூட்டிப்போனாலும் யாராவது சக்கர நாற்காலியைத் தள்ள வேண்டும். ஆபீசுக்கு மட்டும் தன்னந்தனியாகத்தான் போவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் பேட்டரியில் ஓடும் நாற்காலி வாங்கினோம்.

எங்கள் வீட்டிலோ நாளுக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் பெரிய விஷயம்; அதில் பேட்டரி நிறையாது. அதனால் மாடியில் ஒரு பழைய சோலார் பேனல் வைத்து, அதன் வோல்டேஜைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டரை இவரே செய்ய உட்கார்ந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். கை கழுவுமுன் மாடிக்கு ஓடி, மீட்டரை வைத்து அளப்பார். நாற்பத்து நான்கு வோல்ட். "ஐம்பது வோல்ட் வரைக்கும் தாங்குற கெபாசிட்டர் தாராளம்" என்று வாங்கி மாட்டினார். மத்தியானம் எல்லாம் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு 'டப்' என்று வெடித்தது.

"காயில்ல சுத்து பத்தல. கரண்ட் ஏறி இறங்குது, அதுல கெபாசிட்டர் சூடாகுது" என்றார். பன்னிரண்டு சுற்று கூட்டினார். வெடித்தது. மைக்ரோஃபாரட், அதாவது கெபாசிட்டர் மின்சாரம் பிடித்துவைக்கும் அளவு, பத்தவில்லை என்று அதை இரண்டு மடங்காக்கினார்; தாங்கும் வோல்ட் அதே ஐம்பதுதான். அதுவும் வெடித்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கம்பித் துண்டும் காகிதமும். சோற்றை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அண்ணா, எப்பவும் காலையிலதான் வெடிக்குது. மத்தியானம் வெடிச்சதே இல்ல" என்று நாத்தனாருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனது.

"நான் அளந்து பார்த்துட்டேம்மா. கரெக்டாதான் இருக்கு."

"எப்ப அளந்த?"

இவர் காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை நான்காவதும் போனது. ஞாயிறு விடிந்ததும் போர்வையை உருவி, மீட்டரைக் கையில் திணித்து, இவரை மாடிக்குத் துரத்தினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் மெல்லப் பேனல்மேல் ஏறியது. மீட்டரில் ஐம்பத்திரண்டு.

மறுபடி ஒரு தடவை வைத்து அளந்தார். "குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும். சூட்டுல இறங்கும்" என்றார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஞாபகம் வரல."

அடிக்காத குறையாகத் திட்டினேன். மூன்று வாரம் காயிலைக் கட்டிக்கொண்டு அழுதவருக்குத் தேவைப்பட்டதோ நூறு வோல்ட் தாங்கும் ஒரு கெபாசிட்டர். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம்.

திங்கட்கிழமை காலை பேட்டரியில் மிச்சமிருந்தது கொசுறுதான். அவள் அதைத் தொடவிடவில்லை. மோட்டாரை அணைத்து, நாங்கள் இருவரும் மாறி மாறித் தள்ளினோம். மூன்று கிலோமீட்டர். ஆபீஸ் தெருமுனை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி, இங்கயே நில்லுங்க. அண்ணா, நீயும்தான். பின்னாலயே வந்துடாதீங்க."

ஸ்விட்சைப் போட்டாள். நாற்காலி முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதியில் நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. வாசலில் காவலுக்கு இருந்தவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

"போயிட்டா" என்றார் இவர்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரே ஒரு நாள் காலையில் எழுந்து அளந்திருந்தால், வீட்டு வாசலிலிருந்தே அவள் அப்படிப் போயிருப்பாள்.