மணல்மேட்டில் துண்டு வீசியவர்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். வாடைக் காற்றுக்குத் தோணியைக் கரையேற்றி, மாசியில் கடல் அடங்கியதும் இறக்கி, சோழகக் காற்று முடியும்வரை கரைவலையோடு கிடந்தே ஆயுள் போய்விட்டது. பயப்படக் கடல் போதும், அதற்கு மேல் பேய் எதற்கு? இது ராவில் நடந்திருந்தால் கண் மயக்கம் என்று நானே சிரித்திருப்பேன். நடந்தது பட்டப்பகலில். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

எங்கள் கல்முனைக்குடிக் கரையில், அண்ணன் முறைக்கு நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற அலியார்தான் மீன் பார்க்கிறவர். மணல்மேட்டில் நின்று, மீன் கூட்டம் இறங்கிய இடத்தைக் கண்டு துண்டு வீசுவார். தோணியில் சுக்கான் பிடிக்கிற நான் அங்கே வலையைப் போடச் சொல்லுவேன். பெரிய சூறாவளியில் கூரை விழுந்ததிலிருந்து அவருக்கு வலக்கை எழும்பாது, இடக்கையால்தான் வீசுவார்.

சூறாவளிக்கு அடுத்த வருசம், தனியாகத் தூண்டிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வெறும் தோணிதான் ஒதுங்கியது. தேடித் தேடிக் களைத்தோம். அவர் பெண்சாதி செய்னம்பு ராத்தாவை, உடல் கிடைக்காவிட்டாலும் புருசன் இறந்த துக்கத்துக்கு வெள்ளை உடுத்து இத்தா இருக்கச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள்.

"மையத்தக் காணாம நான் வெள்ள உடுக்க மாட்டன். நாளைக்கு அவர் வந்து, 'நான் உசிரோட இரிக்கக்குள்ள ஏன்டி வெள்ள உடுத்த' என்டு கேட்டா என்ன சொல்ற?"

வாசலிலேயே இருந்துவிட்டார், சோறு தண்ணீர் இல்லாமல்.

அப்படியே சில நாள் போய், வலை வளைக்க இறங்கினோம். நல்ல வெயில். தண்டு வலித்துத் தோணியை ஓட்டிக்கொண்டிருந்த மீராசா திடீரென்று தண்டைக் கைவிட்டான்.

"மச்சான், மேட்டப் பாரு."

வெள்ளைத் துண்டு. இடக்கை. அவரேதான். அங்கேயே போடு, அங்கேயே போடு என்று வீசுகிறார். சந்தோசத்தில் சுக்கானை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"மனுசன் தப்பி வந்திட்டாருடா! இண்டைக்கு ராத்தா வீட்டுல புரியாணிதான்" என்று மீராசா கூத்தாடினான். அந்த இடத்தில் ஒருநாளும் வலை போடமாட்டோம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை, போட்டுவிட்டோம்.

கரைக்கு வந்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பாய்கிறார். "கல்லுக் கிடக்கிற இடத்துல ஏண்டா வலையப் போட்ட? கண்ணு பொட்டயா?"

"காக்காதானே துண்டு வீசினாரு! எங்க அவரு?"

"எந்தக் காக்கா? விடியத்துல இருந்து மேட்டுல ஒரு காகம்கூட இல்ல!"

கயிறு இழுத்து, வலையின் மடி மண்ணைத் தொடுமுன்பே தண்ணீரில் இறங்கிப் பார்த்தோம். மடியில் மீன் இல்லை. அவர் கிடந்தார்.

கடலிலிருந்து பாயில் ஏந்தி நேரே வீட்டுக்குக் கொண்டுபோனோம், அவர் கால் மண்ணில் படவேயில்லை. உள்ளே ராத்தா வெள்ளைச் சேலை கேட்கிற சத்தம் கேட்டது. குளிப்பாட்ட நானும் நின்றேன். கடைசித் தரம் தண்ணீர் ஊற்றி உள்ளங்காலைத் தேய்க்கும்போது விரலில் சுருக்கென்றது. ராவணன் மீசைப் புல்லின் முள். எங்கள் கரையில் அது மணல்மேட்டில்தான் முளைக்கும்.

"கடல்ல மிதந்து வந்து குத்தியிரிக்கும்" என்றார் பள்ளிவாசல் மோதினார், என் முகத்தைப் பார்க்காமல்.

இருக்கலாம். நானும் பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் முள்ளைப் பிடுங்கியது நான்தானே. அத்தனை தண்ணீர் ஊற்றியும் அதோடு வந்த மணல் ஈரமேயில்லாமல் என் உள்ளங்கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஊதினேன், பறந்துவிட்டது.