மழைக் கட்சியின் பொதுச்செயலாளர்

என் மனைவி ஒரு கட்சியின் பொதுச்செயலாளர் என்பது, கேஸ் புத்தகத்தைத் தேடிய ஒரு காலையில்தான் எனக்குத் தெரியவந்தது. பீரோவில் சேலைகளுக்கு அடியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. அவள் கையெழுத்துதான். நடுப்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘கிழக்குப் பகுதி இன்னும் நம்மை நம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவைத்தலைவரை மாற்றியாக வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.’ அடியில் கையொப்பம். அதற்கும் கீழே, ‘பொதுச்செயலாளர், மழைக் கட்சி.’

அப்படி ஒரு கட்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் புதுசு புதுசாகக் கட்சி முளைக்கிற காலம் இது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. நான் பேகம்பூரில் சின்னதாகத் தோல் மண்டி வைத்திருக்கிறேன். எந்தக் கரை வேட்டி வந்தாலும் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறவன். எந்தப் பக்கமும் சாயாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். என் வீட்டு பீரோவுக்குள்ளேயே ஒரு கட்சி!

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரிகிறது. போனைக் குப்புற வைக்கிறாள். மிக்ஸியை நிறுத்திவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஏதோ பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாள். தானாகச் சிரிக்கிறாள். ஒருநாள், “ஆத்தூர் வரைக்கும் போய்ட்டு வாரேன்” என்று கிளம்பினாள். அவளோடு காலேஜில் படித்த தோழி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். சாயங்காலம் திரும்பி வந்தபோது விரலெல்லாம் நீல மை.

“என்ன விசேஷம் அங்க?”

“விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்.”

“பேசுனதுக்கா கையில இம்புட்டு மை?”

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் போனை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், அதன் முகப்பில் நீலமும் மஞ்சளும் பாதிப் பாதியாக இருந்த ஒரு கொடிப் படம். அந்தக் குரூப்பில் கடைசியாக வந்திருந்தது: ‘தலைநகரை மாத்துற அன்னைக்கு எல்லையை அடைச்சிடணும்.’ அதற்கு இவள், ‘கொடி தச்சாச்சு’ என்று பதில் போட்டிருந்தாள்.

எல்லை, தலைநகர், கொடி. இந்த வார்த்தைகள் வேறு யார் வீட்டுப் போனில் கிடந்தாலும் வெறும் வார்த்தைகள். எங்களைப் போன்ற பாய் வீட்டில் கிடந்தால் அவற்றுக்கு வேறு அர்த்தம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அன்று மண்டியில் உட்காரவே முடியவில்லை. பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் சிநேகிதனிடம் டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன்.

“யார்ட்டயும் சொல்லிராத, மாப்ளே” என்றேன்.

“நான் எதுக்குச் சொல்றேன்?” என்றான்.

நாலே நாளில் எங்கள் வார்டுக் கட்சிக்காரர் ஒருவர் மண்டிக்கு வந்தார். டீயைப் பாதி குடித்துவிட்டு, “என்ன பாய், வீட்ல புதுசாக் கட்சி ஆரம்பிச்சிருக்காகளாம்ல? எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீகளா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

அந்த வாரமே, மதியம் லுஹர் தொழுதுவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வாசலில் பைக் நின்றது. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர். “பயப்படாதீங்க, சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். என் மனைவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே போய் மூன்று நோட்டுகளையும் ஒரு சுருட்டிய சார்ட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். நீல மையில் வரைந்த ஒரு தேசத்தின் வரைபடம்.

“இது எந்த நாடும்மா?”

“நாங்க உண்டாக்குன நாடு சார். காலேஜ் ஹாஸ்டல்ல மூணு பேரு சேர்ந்து ஆரம்பிச்சது. மேற்குல மட்டுந்தான் மழை பெய்யும். கிழக்குல சொட்டு விழாது. வருசத்துக்கு ஒருக்கத் தலைநகரத்தைக் கிழக்குக்கு மாத்தணும்ங்கிறதுதான் எங்க கட்சி. அதிகாரிகளும் கொஞ்ச நாள் தாகத்தோட இருந்து பாக்கட்டும்.”

“எல்லையை எதுக்கு அடைக்கணும்?”

“அன்னைக்கு அவுக தப்பிச்சு ஓடிரக் கூடாதுல்ல?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கொடியையும் காட்டச் சொன்னார். சின்னாளபட்டிச் சேலைத் துண்டுகளில் கைக்குட்டை அளவுக்கு ஒன்று தைத்திருந்தாள்.

“இந்த நாட்டுல போலீஸ் உண்டா?”

“உண்டு சார். ஆனா வீட்டுக்குள்ள வரணும்னா யாரு சொல்லி வந்தோம்னு முதல்ல சொல்லிரணும்.”

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, “மேல காட்டணும்மா, அவ்ளோதான்” என்று கிளம்பிவிட்டார். அந்த இரண்டு பக்கங்களும் இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க யார்ட்டச் சொன்னீக?”

சொன்னேன். நோட்டைப் பார்த்தது, போனை எடுத்தது, செருப்புக்கடைக்காரனிடம் கொட்டியது, எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“ஏன் எங்கிட்ட மறைச்ச?” என்று நான்தான் குரலை உயர்த்தினேன்.

“சொன்னா நீங்க சிரிப்பீக. சிரிச்சிட்டு நாலு பேர்ட்டச் சொல்லுவீக. சிரிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீக, அம்புட்டுத்தான்.”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பேச்சு பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய்விட்டது. கட்சியின் மூன்றாவது ஆள் அங்கே வாக்கப்பட்டவள். அவள் கடைசியாக அனுப்பிய குரல் பதிவை என் மனைவி எனக்குப் போட்டுக் காட்டினாள். “எங்க வீட்டுல போலீஸு, கட்சின்னா ஒத்துக்க மாட்டாங்க. நான் விலகிக்கறேனுங்க, பொதுச்செயலாளரே.” அந்த ‘பொதுச்செயலாளரே’வில் குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் தொட்டுக்க வெஞ்சனம் இல்லாத சோறு. நானும் ஒன்றும் கேட்காமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

பொறுக்காமல் அந்தத் தோழியின் கணவருக்குப் போன் போட்டேன். காய்கறி மார்க்கெட்டில் இருக்கிறவர். தப்பு என்னுடையது, அது வெறும் விளையாட்டு, என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, வெறும் விளையாட்டுன்னா நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம் விளக்கறீங்க?” என்றார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

செருப்புக்கடைக்காரனிடம் இப்போதும் பேசுகிறேன். வெயில், வியாபாரம் என்று பேசுகிறோம். ‘நான் யார்ட்டயும் சொல்லல’ என்று அவன் சத்தியம் பண்ணுகிறான். அவன் வேறு எதைச் சொன்னாலும் எனக்கு அந்தச் சத்தியம்தான் காதில் விழுகிறது.

கொஞ்ச நாள் கழித்து, கட்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மனைவியிடம் கேட்டேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆத்தூர்த் தோழியைக் கலந்துகொண்டு, மறுநாள் சோறு போடும்போது சொன்னாள்.

“விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அது சொல்றதுக்கு இல்ல.”

போனுக்கு இப்போது பூட்டு எண் போட்டிருக்கிறாள். நோட்டு பீரோவில் இல்லை. நான் தேடவில்லை என்று சொன்னால் அது பொய். ஒருமுறை தேடினேன், பாதியில் வெட்கமாகி விட்டுவிட்டேன். ஒட்டன்சத்திரத்துத் தோழி திரும்பச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். சில மத்தியானங்களில் அடுப்படியில் மூன்று குரல் கேட்கிறது. நான் செருமினால் நின்றுவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“ஒரு நாட்டுல, ஆத்தோரமாத் தோல் பதனிடுற ஆலை வேணும்னு ஒரு கட்சி கேக்குது. நீங்க என்ன சொல்வீக?”

இது என்னிடம் கேட்கிற யோசனையா, என்னை வைத்துப் பார்க்கிற சோதனையா என்று பிடிபடவில்லை. நான் தோல் வியாபாரத்தில் சோறு தின்கிறவன். அவளுக்கு அது தெரியும்.

“வேணாம்னு சொல்லுவேன்” என்றேன். “தண்ணி போயிரும். அப்புறம் திரும்பாது.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எதையோ எழுதுகிற சத்தம் கேட்டது. என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.