பயிற்றுமொழி: ஆங்கிலம்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க நான் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. அதனால் தமிழில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். வேதியியல் முதுகலைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதற்குச் சான்று வேண்டும். மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் அச்சடித்த பட்டத்தை வாங்கியிருந்தேன். அதெல்லாம் போதாதாம். சான்று வந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் தி.நகரில் அப்பாவின் ரவிக்கைத் துணிக்கடையில் உட்கார்ந்து, வருகிற பெண்களின் புடவைக்கு மேட்சிங் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டில் ஒன்று என்ற நிலைமை.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எழுதும் அந்த ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டேன். பேசுவதில் ஆறரை வேண்டும். இரண்டு தடவையும் ஆறுதான் வந்தது. முதல் தடவை, விடுமுறைக்குப் போய்வந்த ஒரு நீர்நிலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் கடையில் கூட்டம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே நீர்நிலை வங்காள விரிகுடா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு நொச்சிக்குப்பம் ரோட்டுக்கு மீன் வாங்கப் போவதைச் சொல்ல ஆரம்பித்தேன். வஞ்சிரத்துக்கு ஆங்கிலம் தெரிந்தது, சங்கராவுக்குத் தெரியவில்லை. காரப்பொடி மீனில் வந்து அப்படியே நின்றுவிட்டேன். எதிரில் இருந்த அம்மாள் சிரித்த முகத்தோடு ஏதோ குறித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை, பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன அறிவுரையைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? எதைச் சொல்வது என்று பொறுக்கி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சொல்லலாம். கூடம் நிஜமாகவே கோணல்தான்.

"அரை மார்க்குதானட்டி? கொஞ்சம் கேட்டுப் பாத்தா போட்டுக் குடுக்க மாட்டானா?" என்றார் அப்பா. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் பேரம் பேச முடியாத ஒரு பொருள் இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் கன்சல்டன்சியில் வேறு வழி சொன்னார்கள். பாண்டி பஜார் பக்கம், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. சுவர் முழுக்க, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இளிக்கும் பிள்ளைகளின் புகைப்படங்கள். எனக்கு வாய்த்த ஆலோசகருக்கு டை உண்டு, திருப்பதியைத் தாண்டிய அனுபவம் கிடையாது. என் பெயரில் நோக்கக் கட்டுரையை எழுதித் தந்ததும் அவர்தான். சிறுவயது முதலே மூலக்கூறுகள் என்னை ஈர்த்தன என்று தொடங்கும். பக்கத்து நாற்காலிப் பையனைச் சிறுவயது முதலே இயந்திரங்கள் ஈர்த்திருந்தன, அவனுக்கு அடுத்தவளைச் சிறுவயது முதலே சந்தைப்படுத்துதல் ஈர்த்திருந்தது. தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகூட பம்பரம் விட்டு வளரவில்லை என்று அந்த வெள்ளைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

"எதுக்கு மேம் ஸ்ட்ரெஸ் எடுக்குறீங்க? இந்த யூனிவர்சிட்டிக்கு எம்.ஓ.ஐ. லெட்டர் போதும். காலேஜ்ல கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பாங்க" என்றார் அவர்.

அதாவது பயிற்றுமொழிச் சான்றிதழ். இந்த மாணவிக்கு மூன்றாண்டும் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டன என்று கல்லூரி எழுதிக் கொடுக்கிற கடிதம். சொன்னது போலவே கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அலுவலகத்துக் கணினியில் கடிதம் தயாராக இருந்தது, என் பெயரை மட்டும் மாற்றினார்கள். எங்கள் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார், முதல்வர் கையெழுத்துப் போட்டார், ரப்பர் ஸ்டாம்பு விழுந்தது. அதைப் பொய் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. புத்தகம் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம், கரும்பலகையில் எழுதுவதும் ஆங்கிலம். வாய் மட்டும்தான் தமிழ்.

எங்கள் துறைத்தலைவரின் வாய் கோடம்பாக்கத்துத் தமிழ். "இந்த எலக்ட்ரான் கீதே, இது ஒரு எடத்துல சும்மா இருக்காது. பக்கத்து வூட்ல எடம் காலியா கீதுன்னு தெரிஞ்சா போய்க் குந்திக்கும்" என்றுதான் அவர் வேதிப்பிணைப்பைத் தொடங்குவார். பென்சீன் வளையம் என்றால் ஆறு பேர் கைகோத்துக்கினு நிற்பார்கள். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இரண்டு தடவை ஆறு வாங்கிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாயில் ஆங்கிலம் வராததால்தான் என் வாயிலும் வரவில்லை, என் அரை மதிப்பெண்ணை விழுங்கியவர் இந்த மனிதர்தான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை அனுப்பி ஒரு வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் சரிபார்ப்பு நிறுவனம் உங்கள் துறைத்தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, கடிதத்தில் உள்ளதை உறுதி செய்துகொள்ளும் என்றார்கள். அழைக்கப்போகும் நாளையும் குறித்திருந்தார்கள். நடுவில் ஐந்து நாள் இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"இன்னாம்மா இது? போன்ல இங்கிலீஷ் பேசணுமா?"

"ஆமா சார். நீங்க இங்கிலீஷ்லதான் நடத்துனீங்கன்னு சொல்லணும்."

"அதை லெட்டர்ல போட்டாச்சே?"

முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர். அவரை ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில், அமில பாட்டில்களுக்கு நடுவே உட்காரவைத்து, தினமும் மதியம் மூன்றரைக்கு மேல் ஒரு மணி நேரம் நான் ஆங்கிலம் பேசப் பழக்கினேன். என் ஆங்கிலம் என்ன லட்சணம் என்று மேலே சொல்லிவிட்டேன். குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதை. நான் எழுதித் தந்த பதில்களை அவர் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். 'ஐ ஹேவ் டாட் ஹெர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' 'ஆல் லெக்சர்ஸ் ஆர் இன் இங்கிலீஷ் ஒன்லி.' பத்து வயதுப் பையன் திருக்குறள் ஒப்பிப்பது போலக் கண்ணை மேலே செருகிக்கொண்டு ஒப்பித்தார். இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குவார்.

"டீச்சரம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று ஒருநாள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கை இப்படி ஒரு வாயில் போய் மாட்டிக்கொண்டதே என்று எரிச்சலாக இருந்தது. அவர் எனக்காக வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள் அவர் தேறிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகப் பேசினார். குறுக்கே கேள்வி கேட்டாலும் தடுமாறவில்லை. அழைப்பு வரும் நாளன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், தொலைபேசியில் சட்டை தெரியாது என்று நான் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அங்கே இருப்பது தெரியக் கூடாது, வாயைத் திறக்கமாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன்.

மணி அடித்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட் ஆஃப்டர்நூன் மேடம். திஸ் இஸ் தி ஹெட் ஆஃப் தி டிபார்ட்மென்ட்" என்றார். அருமை. எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பக்கத்துக் குரல் சட்டென்று மொழி மாறியது.

"சார், நீங்க தமிழா?"

"ஆமாம்மா!"

"அப்பாடா. நானும் தமிழ்தான் சார். காலைலேர்ந்து இங்கிலீஷ்லயே பேசிப் பேசி வாய் வலிக்குது."

"அட, எந்த ஊரும்மா நீ?"

"சைதாப்பேட்டை சார். ஆபீஸ் ஆழ்வார்பேட்டை."

இங்கிலாந்திலிருந்து வரும் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்த அழைப்பு, ஷேர் ஆட்டோ தூரத்திலிருந்து வந்திருந்தது. எங்கள் ஆங்கிலத்தைச் சோதிக்கிற வேலையை வெள்ளைக்காரன் எங்கள் தெருவுக்கே குத்தகைக்கு விட்டிருந்தான். துறைத்தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஐந்து நாளாக இறுகியிருந்த முகம் தளர்ந்தது. நோட்டை மூடிவிட்டார்.

"ஒரு பத்து கேள்வி இருக்கு சார், டக்குனு முடிச்சிடலாம். ஸ்டூடண்ட் உங்ககிட்ட மூணு வருஷமும் படிச்சாங்களா?"

"ஆமாம்மா. நல்ல பொண்ணு. கெட்டிக்காரி."

"க்ளாஸ் எல்லாம் எப்படி சார் நடத்துவீங்க? நம்ம பக்கம் தமிழ்லதானே?"

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, எல்லாம் நல்லபடி போகிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"புக்கு, எக்ஸாம் எல்லாம் இங்கிலீஷ்தாம்மா. நடத்துறது தமிழ்ல. தமிழ்ல சொன்னாத்தானே மண்டைல ஏறும்? இந்தப் பொண்ணும் அப்படித்தான். தமிழ்ல கேட்டுக்கும், இங்கிலீஷ்ல பிச்சு உதறும்."

"எங்க காலேஜ்லயும் அப்படித்தான் சார்" என்று அவள் சிரித்தாள். விசைப்பலகை தட்டப்படும் சத்தம் கேட்டது. "ஓகே சார். தேங்க் யூ சார்."

போனை வைத்துவிட்டு அவர் வெற்றிக் களிப்போடு என்னைப் பார்த்தார். "முடிஞ்சிச்சு. நல்ல பொண்ணும்மா அது, இன்னா மரியாதையா பேசுது பாரு." நான் எழுந்து வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அவர் வயதுக்குத் தகாத வார்த்தை வந்திருக்கும்.

நான்கு நாளில் கடிதம் வந்தது. கற்பித்தல் தமிழில் நடந்ததாகத் துறைத்தலைவரே தெரிவித்ததால், சமர்ப்பித்த சான்றிதழ் உண்மைக்கு மாறானது என்று கருதுகிறோம், இடத்தை ரத்து செய்கிறோம் என்றார்கள். டை கட்டியவர் அதோடு என் போனை எடுப்பதை நிறுத்தினார். அப்பா வழக்கம் போல, "வேற யாரையாவது பாத்துப் பேசுவமா, ஏட்டி?" என்றார். நான் கடையில் உட்கார்ந்தேன். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, அங்கேயே, கடை வாசலில் துறைத்தலைவரைப் பார்த்தேன். மனைவிக்கு ரவிக்கைத் துணி வாங்க வந்திருந்தார். "இன்னாம்மா, இன்னும் கெளம்பலையா? எப்போ ஃப்ளைட்டு?" என்று கேட்டார். எல்லா ஆத்திரத்தையும் சேர்த்துக் கொட்டினேன். உங்களால்தான், நீங்கள் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், ஐந்து நாள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேனே என்றேன். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேட்சிங் பார்க்கக் கொண்டுவந்த மனைவியின் புடவையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அது தமிழ்ல கேட்டுச்சும்மா" என்றார். "இங்கிலீஷ்ல கேட்டிருந்தா கரெக்டா சொல்லியிருப்பேன்."

என்ன முட்டாள் மனிதர் என்று நினைத்தேன். துணியை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

கடையில் ஆறு மாதத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வேதியியல் படித்த பெண்ணுக்கு இந்த ஊர் தரும் வேலையைத்தான் எனக்கும் தந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சரிபார்ப்பு நிறுவனம். அந்த நிறுவனம் அல்ல, அதற்குப் பக்கத்துத் தெருவில் இன்னொன்று. இப்போது மூன்று வருடமாகிறது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கும்பகோணம், சேலம், விருதுநகர் என்று கல்லூரி கல்லூரியாகத் துறைத்தலைவர்களை அழைக்கிறேன். ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. பக்கத்து இருக்கைகளில் ஒருவரும் அதை மதிப்பதில்லை. எதிர்முனையில் தடுமாறினால் உடனே தமிழுக்குத் தாவி, ஊர் விசாரித்து, பதிலைக் கறந்து, சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நான் மட்டும்தான் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். திமிர் பிடித்தவள், துரைசாணி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் தெற்கே ஒரு ஊரில் ஒரு பேராசிரியர். தாளைப் பார்த்துப் படிக்கிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார். பிறகு, கெஞ்சுகிற குரலில், "மேடம், நீங்க தமிழா?" என்றார்.

"சாரி சார். ஒன்லி இங்கிலீஷ்" என்றேன்.

பெருமூச்சு கேட்டது. தாள் புரண்டது. அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரல், பதற்றத்தோடு, மிக மெல்ல, "ஆல் லெக்சர்ஸ், சார்... ஆல் லெக்சர்ஸ் ஆர் இன் இங்கிலீஷ்" என்று எடுத்துக் கொடுத்தது. அவர் அதை அப்படியே சொன்னார்.

நான் நன்றி சொல்லிவிட்டு, ஆங்கிலம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.