எல்லோருக்கும் நேற்றிலிருந்து

டாக்டர் உமா மகேஸ்வரி முதலில் விரல்நுனிகளைத்தான் பார்க்கிறார், சர்க்கரைக்குக் குத்திப் பார்த்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று. அப்புறம் கணுக்கால் வீக்கம், வயிற்றில் பழைய தையல். நோயாளியின் வாயை நம்பி வைத்தியம் பார்த்த காலம் மலையேறிவிட்டது.

லம்பா லைனில் எட்டுப் படுக்கை நர்சிங் ஹோம். டாக்டர், தூத்துக்குடியிலிருந்து இந்தத் தீவுக்குக் கான்ட்ராக்டராக வந்தவரின் மகள். வயது ஐம்பத்தாறு. தமிழில் தொடங்கும் பேச்சு இந்தியில்தான் முடியும். மதியச் சாப்பாடு நின்றபடியே. நோயாளி உட்காருவதற்கு முன்பே இன்சூரன்ஸ் படிவம் மேசைக்கு வந்துவிடுகிறது. அதில் பழைய நோய் ஏதாவது ஏறிவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும் என்று தீவு முழுக்கத் தெரியும். அதனால் தொலைவிலிருக்கும் ரங்கத்திலிருந்து வந்தாலும் பக்கத்து மரைன் ஹில்லிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் நோய் நேற்றுதான் தொடங்குகிறது.

"ஸப் கா நேத்து," என்பார் டாக்டர். "பத்து வருஷத்து பிரஷரும் நேத்து வந்ததாம்."

மாதம் ஒருமுறை ரத்த அழுத்தத்துக்குப் போகிறவன் நான். என் பங்குக்கு நானும் ஒரு நேற்றைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் என் முறைக்காகக் காத்திருந்தபோது, ரங்கத்திலிருந்து அழகையாவைக் கொண்டுவந்தார்கள். குடலிறக்கத்தில் குடல் மாட்டி இறுகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் ஆகாவிட்டால் அந்தக் குடல் செத்துவிடும். முதுகில் போடும் மயக்க ஊசியோடு டாக்டர் சந்திரமோகன் தியேட்டரில் தயார். படிவத்தில் பழைய நோய்க்கான கட்டம் மட்டும் காலி. ஒன்றுமில்லை என்றார் மனைவி நீலாவதி. இதயக் கோளாறு? இல்லை. மாத்திரை? இல்லவே இல்லை.

டாக்டர் அழகையாவின் கையைத் திருப்பினார். நாவற்பழம் நசுங்கியதுபோல மூன்று திட்டுகள். எங்காவது இடித்திருப்பார் என்றார் நீலாவதி. கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் கேட்டது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமாக வந்தது. உடனே என்னுடைய பொய் நினைவுக்கு வர, வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

"எம்மா, சச் போலோ, உண்மையச் சொல்லு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறாரா? தெரியாம அந்த ஊசியக் குத்தினா முதுகுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிடும். காலு ரெண்டும் விளங்காமப் போயிடும்."

நீலாவதி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஜென்ட்டு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு டாக்டரம்மா. தெரிஞ்சா பாலிசியே போயிடுமாம்."

பையின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. கடைசியாக எப்போது என்று கேட்டதற்கு, காலை ஐந்து மணி, பஸ் ஏறுவதற்கு முன்பு என்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். அது அந்தக் காலிக் கட்டத்தின்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு டாக்டர், மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் தன் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கை கழுவுவதற்கு முன்னால் சந்திரமோகனிடம் காட்ட ஓடினார்.