கஞ்சி வாங்கப் போன பெரிய தூக்குவாளி

கோட்டாறில் எங்கள் பள்ளிவாசலில் அந்த வருஷம்வரை நோம்புக் கஞ்சியைப் பிளாஸ்டிக் கவரில்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். சூட்டோடு முடிச்சுப் போட்ட கவரை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். குடித்து முடித்த கவரெல்லாம் எங்கே போகும் என்று யாரும் யோசித்ததில்லை. ஒரு மழையில் பள்ளிவாசலை ஒட்டிய ஓடை அடைத்துக்கொண்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடம்வரை சாக்கடைத் தண்ணீர் ஏறிவிட்டது.

மதரஸாவில் எங்களுக்கு ஓதித்தரும் உஸ்தாத், ஆளுக்கொரு கம்பைக் கொடுத்து எங்களை ஓடைக்கரையில் நிறுத்தினார். கவர்களைத் தோண்டித் தோண்டிச் சாக்கில் போட்டோம். மூக்கைப் பொத்தினவர்களைப் பார்த்து, "நோம்பு அல்லாஹ்வுக்கு. இந்தக் குப்பை யாருக்குலே?" என்றார். விரயம் செய்கிறவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்றும் சொல்லித்தந்தார். மறுநாளிலிருந்து கவர் கிடையாது, வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வர வேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

எனக்குச் சந்தோஷம். உம்மாவுக்கோ முகம் வாடிவிட்டது.

வாப்பாவுக்குச் சவூதியில் வேலை போயிருந்தது. தெருவில் ஒருத்தருக்கும் அது தெரியக்கூடாது என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கவர் இருந்தபோது நானும் தம்பிமாரும் தனித்தனியாகப் போய் ஆளுக்கொன்று வாங்கி வருவோம். கூட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்? நோம்பு திறக்க மட்டுமல்ல, ராத்திரிச் சாப்பாடும் எங்களுக்கு அந்தக் கஞ்சிதான். இனி ஒரே பாத்திரம் என்றதும், திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகும்போது எல்லோருக்குமாகச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளியை உம்மா பரணிலிருந்து இறக்கினாள்.

"எதுக்கு இவ்வளவு பெருசுன்னு கேட்டா, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லணும். கேட்டியா மக்கா?"

அல்லாஹ் அவளைப் பொறுத்தருளட்டும். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வாள்?

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். தெருவில் இறங்கின பிறகுதான் பயம் பிடித்தது. அது நான் முழுதாகப் பிடித்த முதல் நோம்பு. பொய் சொன்னால் நோம்பின் நன்மை போய்விடும் என்று உஸ்தாத் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னாலோ உம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் போய்விடும். யா அல்லாஹ், யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வரிசையில் நின்றேன். காலி வாளிக்கே கை கடுத்தது.

"ஏலே, இவ எருமைக்குத் தண்ணி காட்டப் போறா பாருலே!" என்றான் பின்னால் நின்ற பையன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் மோதினார் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பள்ளியில் பாங்கு சொல்கிறவரும் அவர்தான், கஞ்சி ஊற்றுகிறவரும் அவர்தான்.

"என்னட்டி, உங்க வீட்டுல கல்யாணமா? எதுக்கு இவ்வளவு பெருசு?"

வாளியை அவர் முன்னால் நீட்டினேன்.

"மாமா, நான் நோம்பு பிடிச்சிருக்கேன். என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அகப்பை அகப்பையாக ஊற்றினார். வாளி நிறைந்ததும் அந்தப் பையனிடம் திரும்பினார்.

"நீ என்னல சிரிக்கே? இன்னைக்கும் கவரை மடிச்சு சட்டைப்பையில வச்சிட்டு வந்திருக்கே. இவளைப் பாரு, ஒரு துண்டு குப்பை இல்லாம காரியத்தை முடிச்சிட்டா. நாளைக்கும் இந்த வாளியையே கொண்டு வா மக்கா."

தளும்பாமல் நடந்து, வீட்டுக்கு வந்து உம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பொய்யும் சொல்லவில்லை, வாப்பாவின் விஷயத்தையும் சொல்லவில்லை, போதாததற்குப் பாராட்டு வேறு. உம்மா வாளியை வாங்கி வைத்துவிட்டு, "அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கலியா?" என்று அதன் மூடியைப் பார்த்தபடியே கேட்டாள். சாயங்காலம் மோதினாரின் குரலில் பாங்கு கேட்டபோது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் என் கையில் பால் வாங்குகிற சின்னச் செம்பைத் தந்தாள்.

"மோதினார் மாமா பெரிய வாளியைத்தானே கொண்டு வரச் சொன்னாங்க?"

"இது போதும் மக்கா. மத்தவங்களுக்கும் வேணும்லா."

தேவைக்கு மேல் எடுக்காமல் இருக்க உம்மாவும் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கையில் கனம் இல்லாததால் அன்று பள்ளிவாசல்வரை ஓடியே போனேன்.